செஸ்ட் பிஏ-க்கு 5 எம்ஏஎஸ்ஸா 2 எம்ஏஎஸ்ஸா? படம் பளிச்சுன்னு இருந்தா போதுமா?

தக்கலை_டெக்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு பஞ்சாயத்து, தீர்த்து வைங்க. எங்க எக்ஸ்ரே சென்டர்ல நாலு மாசம் முன்ன டிஆர் பேனல் (படத்த நேரா கம்ப்யூட்டருக்கு அனுப்புற தட்டு) போட்டாங்க. பழைய சிஆர் ரீடர (பிளேட்டுல எடுத்து அப்புறம் மிஷின்ல போட்டு படிக்கிறது) தூக்கிப் போட மனசில்லாம கிளைக்கு அனுப்பிட்டாங்க, அங்க ஒரு சின்னப் பையன் பாக்கான். பேனல் மாட்ட வந்த இஞ்சினியர் செஸ்ட் பிஏ-க்கு (முதுகுப் பக்கம் இருந்து எடுக்கிற நெஞ்சு எக்ஸ்ரே) 120 கேவி (கதிரோட ஊடுருவுற சக்தி), 5 எம்ஏஎஸ் (கதிரோட அளவு), 180 செ.மீ தூரம், கிரிட்டோடன்னு (சிதறுற கதிர தடுக்கிற சல்லடை) ஒரு செட்டிங் சேவ் பண்ணி வச்சிட்டு போயிட்டாரு. ஏஇசி (போதிய கதிர் வந்ததும் தானா நிறுத்துற வசதி) கிடையாது, எல்லாம் கையாலதான். அதனால வள்ளத்துக்கு போற எலும்பும் தோலுமான தாத்தாவுக்கும் அதே 5, நகைக்கட முதலாளிக்கும் அதே 5.

படம் கண்ணாடி மாதிரி இருக்கு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா மூலையில எக்ஸ்போஷர் இண்டெக்ஸ்னு ஒரு நம்பர் வருதுல்லா, டார்கெட் 250-ன்னு போட்டிருக்கு, எனக்கு தினமும் 600, 630, ஒல்லி ஆளுன்னா 800. பக்கத்துல டீவியேஷன் இண்டெக்ஸ் பிளஸ் 4-ன்னு காட்டும். யாரும் அத பாக்குறதே இல்ல. நான் பைய பைய குறைச்சு சராசரி ஆளுக்கு 2 எம்ஏஎஸ்ல கொண்டு நிறுத்தினேன், நம்பர் 250 பக்கம் வந்துச்சு, எனக்கு படம் நல்லாத்தான் தெரியுது.

போன வாரம் ஓனர் கூப்பிட்டு, டாக்டர் படம் பொரிபொரியா இருக்குன்னு சத்தம் போடுகாரு, இஞ்சினியர் போட்டத நீ எதுக்குலே தொட்டேன்னு கேக்காரு. நான் செஞ்சது தப்பா சொல்லுங்க.

ரிப்பீட்_வேண்டாம்:
தப்புதான் தம்பி, கோவிக்காதீங்க. நான் மார்த்தாண்டம் பக்கம் 11 வருசமா தனியார்ல இருக்கேன், ஒரு நாள் கூட்டம் இல்லாத நாள் கிடையாது. டிஜிட்டல்ல ஒரே ஒரு விதிதான், கூடிட்டா சாப்ட்வேர் சரி பண்ணிக்கும், குறைஞ்சிட்டா கடவுள் வந்தாலும் சரி பண்ண முடியாது. குறைஞ்சா என்ன ஆகும், கிரெயின் (மணல் தூவின மாதிரி பொரி) வரும், டாக்டர் திருப்பி அனுப்புவாரு, மறுபடி ஒரு எக்ஸ்போஷர், அப்ப 2-ம் 2-ம் 4 ஆச்சு, பேஷண்டுக்கும் பஸ் காசு வேஸ்டு, நமக்கும் மானம் போச்சு. அதுக்கு முதல்லயே 5 போட்டு முடிச்சு அனுப்பிடலாம்ல.

அதுவும் இது செஸ்ட் பிஏ. ஒரு படத்துக்கு 0.02 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்குற கதிர் அளவு) சுமாரா. உலகத்துல ஒருத்தருக்கு இயற்கையாவே வருசத்துக்கு சராசரி 2.4 வருது, கணக்கு போட்டா இது மூணு நாள் சும்மா உக்காந்திருந்தா வர்றது. நம்ம மாவட்டத்துல கேக்கவே வேண்டாம், மணவாளக்குறிச்சி கடப்புறத்துல காலாற நடந்துட்டு வந்தாலே ஆச்சு. இதுக்குப் போயி 5-ஆ 2-ஆன்னு தலைய பிச்சிக்கிறீங்க.

பழைய_டார்க்ரூம்:
மக்கா, நான் ரிட்டயர்ட் ஆயி ஆறு வருசம் ஆச்சு. நீங்க ரெண்டு பேரும் பேசுகது எனக்கு வேற மாதிரி இருக்கு கேட்டியளா. 120 கேவியே எதுக்குன்னு யாரும் கேக்கல்லியே? நாங்க 100 எம்ஏ மிஷின்ல 70 கேவி, 10 எம்ஏஎஸ்ல எடுத்தோம், படத்த பாத்தா விலா எலும்பு ஒவ்வொண்ணா எண்ணலாம், கருப்பு கருப்பா வெள்ளை வெள்ளையா இருக்கும். இப்பம் வர்ற படம் எல்லாம் கஞ்சித்தண்ணி ஊத்தி கழுவினது மாதிரி சாம்பல்.

இன்னொண்ணு. எங்களுக்கு கூடுதல் குறைவு தெரியாம இருக்க வழியே கிடையாது. நம்ம ஊரு வெயில்ல டெவலப்பர் சூடாயிரும், தொட்டிய சுத்தி ஐஸ் கட்டி போட்டு 20 டிகிரில வச்சு, ஹேங்கர்ல ஃபிலிம மாட்டி முக்கி, அஞ்சு நிமிசம் சேஃப்லைட்ட பாத்துட்டு நின்னா, கூடுதல்னா கன்னங்கரேல்னு வெளிய வரும். அந்த கருப்பே நமக்கு ஏச்சு. இவன் சொல்லுக மாதிரி கூடுதல சாப்ட்வேர் மறைச்சிருதுன்னா அப்பம் ஏசுகதுக்கு ஆளே இல்லேல்லா.

பிசிக்ஸ்_மக்கா:
அண்ணாச்சி கடைசி பத்தியில சொன்னீங்க பாருங்க, அதுக்கு எங்க ஆளுங்க வச்ச பேரு டோஸ் கிரீப். நத்தை மாதிரி நாளுக்கு நாள் ஊர்ந்து ஏறும், ஒருத்தருக்கும் தெரியாது. ஏன்னா மேல ஏற ஏற படம் அழகாத்தான் ஆகும், கிரெயின் குறையும், டாக்டர் பாராட்டுவாரு, கீழ இறங்கினா மட்டும்தான் திட்டு. அப்புறம் எந்தப் பக்கம் கை போகும்?

நம்பர பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன், நான் மெடிக்கல் பிசிசிஸ்ட், குழித்துறைக்காரன், இப்ப வெளியூர். 2008-ல ஐஇசி (மின்கருவிகளுக்கு தரம் வகுக்கிற உலக அமைப்பு) ஒரு பொது விதி கொண்டு வந்தாங்க, அதுக்கு முன்ன ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமா காட்டுவான். புது விதிப்படி பேனல்ல எத்தனை மைக்ரோகிரே (கதிர் அளவு) விழுதோ அத 100-ஆல பெருக்கினா இண்டெக்ஸ். 250-ன்னா ரெண்டரை மைக்ரோகிரே. டீவியேஷன் இண்டெக்ஸ்ங்கிறது டார்கெட்டுல இருந்து எவ்வளவு விலகல்ங்கிறது, ஆனா அது நேர் கணக்கு இல்ல, மடக்கைக் கணக்கு. பிளஸ் 1-ன்னா 26 சதவீதம் கூட. பிளஸ் 3-ன்னா ரெட்டிப்பு. தம்பிக்கு வந்த பிளஸ் 4 ரெண்டரை மடங்கு. 5-ஐ ரெண்டரையால வகுத்தா 2. அவரு எட்டிப்பிடிச்ச செட்டிங் கணக்குக்கும் சரியா ஒத்து வருது, இதுல நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல.

ஒரே ஒரு எச்சரிக்கை, அந்த நம்பர் பேஷண்ட் வாங்கின டோஸ் இல்ல. ஆள தாண்டி பேனலுக்கு என்ன வந்துச்சுங்கிறதுதான். குண்டான ஆளுக்கு 250 வர வைக்க உள்ள நிறைய ஊத்தணும், ஒல்லிக்கு கொஞ்சம் போதும், ரெண்டுலயும் நம்பர் ஒண்ணுதான்.

ரிப்பீட்_வேண்டாம்:
அப்ப நீங்களே சொல்லிட்டீங்க, நம்பர் டோஸ் இல்லன்னு. பின்ன அத புடிச்சு எதுக்கு தொங்கணும்.

பிசிக்ஸ்_மக்கா:
ஒரே ஆளு, ஒரே கேவி, ஒரே தூரம், ஒரே கிரிட்டுன்னா நம்பர் ரெண்டரை மடங்குன்னா டோஸும் ரெண்டரை மடங்குதான் சார். ஸ்பீடோமீட்டர் பெட்ரோல் செலவ காட்டாதுதான், அதுக்காக கண்ண மூடிக்கிட்டு கேரளா பார்டர் வரை ஓட்டிருவீங்களா.

மணல்காரி:
எங்க ஊர இழுத்ததால வந்தேன். நான் மணவாளக்குறிச்சிதான், 9 வருசமா ரேடியோகிராபர். எங்க மண்ணுல மோனசைட் இருக்கு, அதுல தோரியம் இருக்கு, மத்த ஊர விட ரேடியேஷன் கூடன்னு சின்ன வயசுல இருந்து கேட்டு கேட்டு காது புளிச்சாச்சு. கேரளாவுல கருநாகப்பள்ளியிலயும் இதே கதைதான், அங்க வருசக்கணக்கா ஆளுகள பின்தொடர்ந்து பாத்து, புற்றுநோய் கூடினதா தெரியலன்னு 2009-ல எழுதினாங்க. நல்ல விசயம். ஆனா அண்ணே, எங்க அம்மா அந்த மண்ணுல பிறந்தது அவங்க கையில இல்ல. உங்க 5 எம்ஏஎஸ் உங்க கையில இருக்கு. 2-ல தெரியுற நிமோனியாவ 5-ல எடுத்தா அந்த மிச்சம் 3 யாருக்கு?

அப்புறம் உங்க ரிப்பீட் கணக்கு. பத்து பேருக்கு 2-ல எடுத்து அதுல ஒருத்தருக்கு ரிப்பீட் வந்துச்சுன்னே வச்சுக்குவோம், மொத்தம் 22. நீங்க ரிப்பீட்டே இல்லாம பத்து பேருக்கு 5-ல எடுத்தா 50. எது பெருசு?

ரிப்பீட்_வேண்டாம்:
கணக்கு சரி அக்கா, ஆனா அந்த ஒருத்தரு கொட்டாரத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்த கிழவியா இருந்தா என்ன செய்வீங்க, காகிதத்துல போடுற கணக்குல அந்த அலைச்சல் வராது.

மணல்காரி:
அண்ணே உண்மைய சொல்லுங்க, உங்களுக்கு ரிப்பீட் எதுக்கு வருது, கிரெயினுக்கா? எனக்கு தெரிஞ்சு பாதி ரிப்பீட் மூச்சுக்கும் ஊக்குக்கும்தான். எங்க அக்காமாரு தாலிக்கொடியில நாலு ஊக்கு குத்தி வச்சிருப்பாங்க, கழட்ட சொன்னா முகம் சுருங்கும், அத முதுகுப் பக்கம் போடுங்கன்னா அங்கயும் படத்துல நிக்கும். தோளுக்கு மேல தூக்கி வாயோரமா புடிச்சுக்க சொல்லணும், அதுக்கு நாம கொஞ்சம் பொறுமையா பேசணும். இன்னொண்ணு சடை. ஈரத்தலையோட பின்னல் போட்டு வந்தா அந்தப் பின்னல் நுரையீரல் உச்சியில விழுந்து அச்சு அசல் டிபி மாதிரியே தெரியும், ஒரு தடவ எங்ககிட்ட சளி டெஸ்ட் வரைக்கும் போன கேஸ் அது. நீங்க 10 எம்ஏஎஸ் போட்டாலும் பின்னல் பின்னலாத்தான் தெரியும், இன்னும் அழகா தெரியும்.

தாடைய தூக்கி, கைய இடுப்புல வச்சு, தோள முன்னால தள்ளி, மூச்ச இழுத்து விட சொல்லி ரெண்டாவது மூச்சுல எடுத்தா பத்து பின்பக்க விலா எண்ணலாம். இதுக்கு ஆகுறது அரை நிமிசம்.

நெஞ்சு_டாக்டர்:
டாக்டர் தரப்புல ஒருத்தன் பேசியாகணும், எல்லாரும் எங்கள வில்லன் ஆக்கிட்டீங்க.

எனக்கு படம் அழகா இருக்கணும்னு அவசியம் இல்ல, என் கேள்விக்கு பதில் சொல்லணும். காய்ச்சல், இருமல், ஒரு பக்கம் நிமோனியாவான்னு பாக்க கொஞ்சம் கிரெயின் இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எங்கிட்ட வர்றவங்கள்ல குவாரில கல்லு உடைக்கிறவங்க உண்டு, கிரஷர்ல நின்னவங்க உண்டு. சிலிகோசிஸ் (கல்தூசியால வர்ற நுரையீரல் நோய்) ஆரம்பத்துல எப்படி இருக்கும் தெரியுமா, ஐஎல்ஓ (உலகத் தொழிலாளர் அமைப்பு) வகைப்பாட்டுல பி-ன்னு சொல்ற புள்ளி ஒன்றரை மில்லிமீட்டருக்குள்ள, ரவை தூவின மாதிரி. கிரெயினும் ரவை மாதிரிதான் இருக்கும். ரெண்டையும் பிரிச்சு பாக்குறது எனக்குதான் கஷ்டம், உங்களுக்கு இல்ல. நான் புள்ளி இல்லன்னு எழுதினா அந்த ஆளு மறுநாளும் கிரஷருக்கு போவான், இருக்குன்னு தப்பா எழுதினா பொழப்பு போச்சு. அதனால எல்லாத்துக்கும் குறை குறைன்னு ஒரே பாட்டு பாடாதீங்க.

ரிப்பீட்_வேண்டாம்:
சார் வாழ்க. இததான் நானும் சொன்னேன்.

நெஞ்சு_டாக்டர்:
நீங்க சொன்னது இது இல்ல. எல்லாருக்கும் 5-ன்னு சொன்னீங்க. நான் சொல்றது, ரெக்வஸ்ட் சீட்டுல நான் என்ன எழுதியிருக்கேன்னு படிச்சிட்டு செட் பண்ணுங்கன்னு. அதுல வெறும் செஸ்ட் எக்ஸ்ரேன்னு மட்டும் எழுதி அனுப்புறது எங்க ஆளுங்க தப்பு, ஒத்துக்கிறேன்.

பிசிக்ஸ்_மக்கா:
சார் சொன்னது நியாயம். கூடவே கிரெயின எங்க தேடணும்னு ஒரு குறிப்பு. எம்ஏஎஸ் 5-ல இருந்து 2-க்கு போனா கிரெயின் ரெண்டரை மடங்கு ஆகாது, அதோட வர்க்கமூலம், ஏறக்குறைய 1.6 மடங்குதான். அதுவும் நுரையீரல் பகுதியில காத்துதான் இருக்கு, போட்டான் தாராளமா தாண்டி வரும், அங்க கண்ண குழப்புறது கிரெயின விட விலா எலும்பும் ரத்தக்குழாயும் ஒண்ணு மேல ஒண்ணு விழுறதுதான். கிரெயின் முதல்ல தலை காட்டுறது இதயத்துக்குப் பின்னாடி, உதரவிதானத்துக்கு கீழ. இதயத்தோட நிழலுக்குள்ள ரத்தக்குழாய் மங்கலா தெரியுதா, முதுகெலும்பு தெரிஞ்சும் தெரியாம நிக்குதா, அங்க பாருங்க. நுரையீரல் நடுவுல பாத்து நல்லாருக்குன்னு சொல்றது சட்டியில மேலாப்ல உள்ள சோத்த தொட்டுப் பாக்குற மாதிரி.

இன்னொரு திருடன் எட்ஜ் என்ஹான்ஸ்மென்ட். படம் கூர்மையா தெரியட்டும்னு அத ஏத்தி வச்சிருப்பாங்க, அது விலா விளிம்ப மட்டும் கூராக்காது, கிரெயினையும் கூராக்கும், சாதாரண நுரையீரல்லயே வலை வலையா காட்டும். சிலிகோசிஸ் பாக்கும்போது இத குறைச்சு வைங்க.

பழைய_டார்க்ரூம்:
எனக்கு பதில் வரல்ல மக்கா. 70 கேவி கதை என்னாச்சு.

பிசிக்ஸ்_மக்கா:
மறக்கல அண்ணாச்சி, பெரிய பதில், அதான் தள்ளி வச்சேன். 70-ல விலா எலும்பு பளிச்சுன்னு தெரியும், சரி, ஆனா நமக்கு பாக்க வேண்டியது விலாவுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கிற முடிச்சு. 120-ல விலா மங்கிப் போகும், பின்னாடி இருக்கிறது வெளிய வரும், அதுதான் நீங்க சொல்ற கஞ்சித்தண்ணி. 1996-ல ஐரோப்பாக்காரங்க போட்ட வழிகாட்டியில செஸ்ட் பிஏ-க்கு 125 கேவி, 180 செ.மீ, கிரிட், நேரம் 20 மில்லிசெகண்டுக்குள்ளன்னு இருக்கு. உங்க 100 எம்ஏ மிஷின்ல 10 எம்ஏஎஸ்னா 100 மில்லிசெகண்டு, அதுக்குள்ள இதயம் அசைஞ்சிரும், இடது பக்கம் ஓரம் கொஞ்சம் கலங்கித்தான் இருந்திருக்கும்.

ஆனா நீங்க பாதி சரி, இத டெக்னீஷியன்மாரு நிறைய பேரு ஒத்துக்க மாட்டாங்க. அந்த 125 ஃபிலிம் காலத்து எண். இப்ப உள்ள பேனல்ல எக்ஸ்ரேய ஒளியா மாத்துறது சீசியம் அயோடைடு, அயோடினுக்கு 33 கேஇவி-லயும் (கதிரோட சக்தி அளவு) சீசியத்துக்கு 36-லயும் உறிஞ்சுறது சட்டுன்னு ஏறும், அதனால கொஞ்சம் தாழ்ந்த பீம்ல அது நல்லா வேலை செய்யும். கான்ட்ராஸ்ட்ட எப்படியும் சாப்ட்வேர் மாத்திக்கும். 90, 100-ல எடுத்தா என்னன்னு கேக்குறவங்க உண்டு, விலா தொந்தரவு கூடும்னு மறுக்கிறவங்களும் உண்டு. இது இன்னும் முடியாத சண்டை, நான் இங்க தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

பழைய_டார்க்ரூம்:
பாதி சரின்னு சொன்னியே அது போதும். வீட்டுல அது கூட கிடைக்காது.

கொளச்சல்_வள்ளம்:
எனக்கு இந்த வேல தெரியாது, படிச்சுட்டே வந்தேன். எங்க தெருவுல டிபி கேம்ப்னு வந்து கேமரா மாதிரி கைல புடிச்சு ஒரு மிஷின்ல எடுத்தாங்க, கம்ப்யூட்டரே பாத்து சொல்லும்னு வேற சொன்னாங்க. அது சரியா வருமா, இல்ல சும்மா கணக்கு காட்டவா?

மணல்காரி:
சரியா வரும் அண்ணே, பயப்படாதீங்க. கம்ப்யூட்டர் பாக்குறத 15 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு டிபி ஸ்கிரீனிங்ல பயன்படுத்தலாம்னு உலக சுகாதார நிறுவனமே 2021-ல சொன்னது. அந்த சின்ன மிஷினுக்கு சக்தி கம்மி, அதனால எடுக்கிற நேரம் கொஞ்சம் நீளும், ஆடாம நின்னு மூச்ச புடிச்சா போதும். சந்தேகம்னு வந்தா சளி டெஸ்ட்டுக்கு எழுதுவாங்க, கட்டாயம் போங்க, அத விட்டுட்டு எக்ஸ்ரேலயே முடிஞ்சுதுன்னு இருந்திராதீங்க.

ரிப்பீட்_வேண்டாம்:
சரி நான் ஒண்ணு கேக்கேன். தக்கலை தம்பிக்கு நம்பர் 250 வந்துச்சு, படம் நல்லாருக்குன்னு அவரே சொல்றாரு. பின்ன அவரு டாக்டர் ஏன் பொரிபொரின்னு சொன்னாரு? டாக்டருக்கு கண்ணு தெரியலையா? இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க, அப்புறம் நான் எறங்கி வாரேன்.

மணல்காரி:
தம்பி, உங்க டாக்டர் படத்த எதுல பாக்காரு?

தக்கலை_டெக்:
பாதி நேரம் வாட்ஸப்புலதான் அக்கா. ஃபிலிம லைட்பாக்ஸ்ல வச்சு போன்ல போட்டோ புடிச்சு அனுப்புவோம், அவரு வேற எடத்துல ஓபி பாத்துட்டு இருப்பாரு.

நெஞ்சு_டாக்டர்:
போச்சு. இதயத்துக்கு பின்னாடி ரத்தக்குழாய் தெரியுதான்னு இவ்வளவு நேரம் பேசிட்டு கடைசியில ட்யூப்லைட் நிழலையும் போன் வச்சிருக்கிற ஆளோட சட்டைப் பட்டனையும் சேத்து அனுப்புறீங்க. வாட்ஸப் வேற அத நசுக்கி அனுப்பும். நானும் அப்படி வர்றத பாக்கத்தான் செய்யிறேன், ராத்திரி எமர்ஜென்சின்னா வேற வழி இல்ல, ஆனா அத வச்சு எம்ஏஎஸ்ஸ பத்தி கருத்து சொல்ல மாட்டேன்.

ரிப்பீட்_வேண்டாம்:
இது நல்ல சமாளிப்பு, குத்தம் எல்லாம் போன் மேல. முன்ன 5-ல எடுத்தப்பவும் அதே போன்தான, அப்ப ஏன் சொல்லல?

பிசிக்ஸ்_மக்கா:
அது சரியான கேள்வி. தம்பி, நீங்க ஆளு யாரையும் வச்சு சோதனை பண்ண வேண்டாம். மூடி இறுக்கமா உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல 10 செ.மீ உயரத்துக்கு தண்ணி ஊத்தி, சமையல் அலுமினியம் ஃபாயில நாலு மடிப்பு, எட்டு மடிப்பு, பதினாறு மடிப்பா சின்ன சின்ன துண்டா வெட்டி மூடி மேல ஒட்டி, 120 கேவில 0.5, 1, 2, 5-ன்னு எடுத்துப் பாருங்க. எந்தத் துண்டு எதுல காணாம போகுதுன்னு உங்க ஓனரையே உக்கார வச்சு காட்டுங்க. தண்ணிய பேனல் பக்கம் சிந்திராதீங்க, அது உங்க ரெண்டு வருச சம்பளம்.

தக்கலை_டெக்:
பண்ணியாச்சு. ராத்திரி எட்டு மணிக்கு மேல கூட்டம் ஒழிஞ்சப்புறம், வீட்டுல மாவு அரைச்சு வைக்கிற டப்பாவ கேக்காம தூக்கிட்டு வந்து (அதுக்கு தனி ஏச்சு), கீழ பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு எடுத்தோம். 5-லயும் 2-லயும் நாலு மடிப்பு துண்டு வரைக்கும் தெரியுது, 5-ல பின்னணி வழவழன்னு இருக்கு, 2-ல கொஞ்சம் மணல் மாதிரி, ஆனா துண்டு எங்கயும் போகல. 1-ல நாலு மடிப்ப உத்துப் பாக்கணும். 0.5-ல அது போயே போச்சு. நம்பரும் எம்ஏஎஸ் ரெட்டிப்பானா ரெட்டிப்பாகுது, நூல் புடிச்ச மாதிரி.

ஒரு வேடிக்கை, காலிமேட்டர (பீமோட அகலத்த கட்டுப்படுத்துற கதவு) டப்பாவுக்கு வெளிய நல்லா திறந்து அதே 2-ல எடுத்தப்ப நம்பர் வேற மாதிரி காட்டுச்சு. எம்ஏஎஸ் மாறவே இல்ல.

பிசிக்ஸ்_மக்கா:
டப்பாவ தாண்டி நேரா பேனல்ல விழுந்த பீமையும் கணக்குல சேத்திருக்கும். அதான் நெஞ்சுக்கு மட்டும் காலிமேட் பண்ணுங்கன்னு சொல்றது. முழுசா திறந்து எடுத்துட்டு அப்புறம் கம்ப்யூட்டர்ல ஓரத்த வெட்டி அழகாக்குற பழக்கம் நிறைய எடத்துல உண்டு, படத்துல தாடையும் வயிறும் இருக்காது, ஆனா ரேடியேஷன் அங்க விழுந்தது விழுந்ததுதான்.

ரிப்பீட்_வேண்டாம்:
அது நானும் செய்வேன். ஒத்துக்கிறேன். கூட்ட நேரத்துல ஓரம் வெட்டு போயிருமோன்னு பயத்துல திறந்து விட்டுருவேன். அத நாளையில இருந்து மாத்துறேன். ஆனா 5 விசயம் இன்னும் முடியல, நம்ம டாக்டர் சார் சொன்ன குவாரி ஆளுக்கு நான் 2 போட மாட்டேன்.

நெஞ்சு_டாக்டர்:
வேண்டாம். குவாரி ஆளுன்னா 3, 3.2 போட்டு, எட்ஜ குறைச்சு, மானிட்டர்ல காட்டுங்க. அதுக்கு மேல வேணும்னா நான் சிடி எழுதுவேன். ஃபாயில் துண்டுக்கு விலா எலும்பு கிடையாது, அதனால டப்பா சோதனைய அப்படியே நம்பிராதீங்க தம்பி.

தக்கலை_டெக்:
சரி சார். நெஞ்சு தடிமன அளந்து மூணு வரிசையா சார்ட் எழுதி கன்சோல்ல ஒட்டுறேன், ஒல்லி, நடுத்தரம், தடிமன்னு. ஆனா ரிப்பீட் அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல, டாக்டருக்கு பொரிபொரியா தெரிஞ்சது ஏன்.

மூணாம்_வருசம்:
அண்ணா சம்பந்தம் இல்லாத ஒரு டவுட். எங்க காலேஜ்ல பழைய சிஆர்ல எஸ் நம்பர்னு வருது, 800 காட்டுச்சுன்னா ஓவர் எக்ஸ்போஷர்தான? வைவாவுல கேப்பாங்க.

பிசிக்ஸ்_மக்கா:
இல்லப்பா, அது தலைகீழ். ஃப்யூஜி சிஆர்ல எஸ்ங்கிறது ஃபிலிம் ஸ்பீடு மாதிரி, 200-ன்னா பிளேட்டுல 1 மில்லிராண்ட்ஜன் (பழைய கதிர் அளவு) சுமார். நம்பர் ரெட்டிப்பானா எக்ஸ்போஷர் பாதி. 800-ன்னா கால்வாசிதான் விழுந்திருக்கு, கிரெயின் பொரிஞ்சு தள்ளும். அக்ஃபாவுல எல்ஜிஎம்-ங்கிற நம்பர் 0.3 ஏறினா எக்ஸ்போஷர் ரெட்டிப்பு, கோடாக்ல அவங்க நம்பர் 300 ஏறினா ரெட்டிப்பு, இந்தக் குழப்பம் தாங்காமதான் 2008-ல பொது விதி வந்ததே.

தக்கலை_டெக்:
ஒரு நிமிசம்.

கிளையில உள்ள சிஆர் அதுதான். அங்க உள்ள பையன் மூணு வாரம் முன்ன எனக்கு போன் போட்டு, அண்ணே இங்க 400 காட்டுதுன்னு கேட்டான். நம்ம டார்கெட் 250-தானடா, கூடுதல், எம்ஏஎஸ்ஸ பாதியாக்குன்னேன். மறுநாள் அண்ணே இப்ப 800 காட்டுதுன்னான். இன்னும் கூடுதே, இன்னும் பாதியாக்குலேன்னேன். அதுக்கப்புறம் அவன் போன் பண்ணல.

இப்ப ஓனர்கிட்ட கேட்டேன், டாக்டர் சத்தம் போட்ட ரெண்டு படமும் கிளையில எடுத்ததாம்.

பழைய_டார்க்ரூம்:
லேய்.

ரிப்பீட்_வேண்டாம்:
1600-ஆ மக்கா 😂😂😂 நான் 5 போடுறதுக்கு இவ்வளவு நேரம் பாடம் எடுத்த ஆளு.

மணல்காரி:
சிரிக்காதீங்க அண்ணே, மூணு வாரம் அங்க யாருக்கெல்லாம் எடுத்தாங்களோ அந்த படத்த எல்லாம் முதல்ல யாராவது திரும்பிப் பாக்கணும். தம்பி, லிஸ்ட் இருக்கா?

தக்கலை_டெக்:
ரிஜிஸ்டர் இருக்கு அக்கா. பையனுக்கு போன் போட்டேன், எடுக்கல, பைக்ல இருக்கான் போல. நான் நேரா கிளம்புறேன். டாக்டர் சார், இதயத்துக்கு பின்னாடி மறைஞ்சிருக்கிறத தவிர வேற எங்க முதல்ல பாக்கணும்?

நெஞ்சு_டாக்டர்:
ரெக்வஸ்ட் சீட்டுல இருமல் ரெண்டு வாரத்துக்கு மேலன்னு எழுதினது, எடை குறைஞ்சதுன்னு எழுதினது, குவாரி ஆளுக, இந்த மூணையும் தனியா எடுத்து வைங்க. அத ஒரு ரேடியாலஜிஸ்ட் மானிட்டர்ல உக்காந்து பாக்கட்டும், அவரு கேக்குற ஆளுக்கு மட்டும் மறுபடி எடுங்க, காசு வாங்காம. போட்டோ புடிச்சு வாட்ஸப்புல அனுப்பிராதீங்க.

பழைய_டார்க்ரூம்:
போற வழியில அழகியமண்டபத்துல நிறுத்தி ஒரு சாயா குடிச்சிட்டு போ மக்கா, கை நடுக்கத்தோட வண்டி ஓட்டாத. அந்தப் பயல ஏசாத, அவன் நீ சொன்னததான் செஞ்சான்.